விக்டோரியா 3: தேயிலை நாட்டிலிருந்து சில கேள்விகள்

கேள்வி: ‘விக்டோரியா 3’ கணினி விளையாட்டில் இலங்கையின் மலையகத்தை ஆள முடியுமா?

பதில்: விளையாட்டு 1836இல் தொடங்குகிறது. கண்டி 1815இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆகவே பிரித்தானியாவாகத்தான் ஆட வேண்டும்; மலையக நகரான நுவரெலியாவுக்குப் பாதை லண்டன் வழியாகத்தான்! ஆனால் புதியவருக்குப் பிரித்தானியா பெருஞ்சுமை. சுவீடன் போன்ற சிறிய நாட்டில் கை பழகுவதே நல்லது.

கேள்வி: தேயிலைத் தோட்டங்களைப் போட்டுக்கொண்டே போனால் கஜானா நிரம்புமா?

பதில்: தேயிலை குவிந்தால் விலை விழும். வாங்க ஆள் உண்டா என்று சந்தையைப் பார்த்த பிறகே அடுத்த தோட்டம். ஒரே பயிரை நம்புவதும் ஆபத்து. 1869இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பியையே அழித்தது. தோட்டத் துரைமாரைக் கரையேற்றியது, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை.

கேள்வி: தொழிலாளரைக் கவனிக்காமல் விட்டால்?

பதில்: விளையாட்டில் மக்கள் தொழில், பண்பாடு, மதம் வாரியாகக் கணக்கில் வருகிறார்கள். வாழ்க்கைத் தரம் சரிந்தால் கொந்தளிப்பு. உயர்ந்தால் சந்தையும் வளரும். மலையகத்தின் உண்மைக் கதை இன்னும் கொடியது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்தவர்களின் உழைப்பில் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்கள் சந்ததியில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை மறுத்தது. விளையாட்டு 1936இல் முடிவதால் அந்த அநீதி திரையில் வராது.