பந்துக்கு ஓர் இடம்

கேள்வி: எங்கள் பகுதிக் கல்லூரிக்குக் கால்பந்து மைதானம் அமைத்தால், ஊருக்குள் நல்லதா, மலையடிவாரத்தில் நல்லதா?
– ஒரு வாசகர், கடையநல்லூர்.

பதில்: பயிற்சி முடிந்து இருட்டும் நேரத்தில், பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மாணவி எங்கே நடந்து போகமுடியுமோ, அங்கே. மலையடிவாரம் படம் எடுக்க அழகுதான். கடைசி பஸ் போய்விட்டால் பாதி அணி மறுநாள் வராது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆடி, 1848-ல் கால்பந்துக்கு விதி எழுதிய காலத்துப் பார்க்கர்ஸ் பீஸ் திடல் இன்றும் நகரின் நடுவில்தான் இருக்கிறது.

105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஆடுகளம் மட்டுமே ஏறத்தாழ ஒண்ணே முக்கால் ஏக்கர். இவ்வளவு நிலம் சும்மா கிடைக்கிறதே என்று குளத்தைக் காட்டுவார்கள். வேண்டாம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் எழுந்தது வேய்ந்தான்குளத்தில். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வரும்.

இன்னொன்று, கோல் கம்பங்களை வடக்கிலும் தெற்கிலும் நடுங்கள். சாயங்கால வெயில் கோல்கீப்பரின் கண்ணில் அடிக்காது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றும் குறுக்கே போகும். இரண்டு அணிக்கும் ஒரே நியாயம்.

கேலரி பிறகு கட்டலாம். முதலில் குடிதண்ணீர்க் குழாயும், பெண்களுக்குப் பூட்டுள்ள உடைமாற்றும் அறையும் கேளுங்கள். விடாமல் கேளுங்கள்.