ஐந்திணைப் பெடல்: பூதப்பாண்டி வீதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

எலெக்ட்ரிக் கிதாரின் ஒலியை அசைத்துக் கொடுக்கும் மாடுலேஷன் பெடலைப் பற்றிப் பேசுவோர் அதன் விலையைப் பேசுகின்றனர், பேட்டரியைப் பேசுகின்றனர், அதன் திணையை ஒருவரும் பேசுவதில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், குமரி மாவட்டத் தோவாளை வட்டத்துப் பூதப்பாண்டி. இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் மூன்று. ஒன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இரண்டு, கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர். மூன்று, அங்கே சொந்தக்காரர் வீடு இருப்பதால் ஆய்வாளருக்குச் சாப்பாட்டுச் செலவில்லை. ஊர்ப்பெயரை ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனோடு இணைத்துச் சொல்வாரும் உளர். அவன் பாட்டு புறநானூற்றில் 71ஆவது. அவன் தேவி பெருங்கோப்பெண்டின் பாட்டு 246ஆவது. இருவருக்கும் கிதாருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் சங்கச் சான்று இல்லாத கட்டுரையைக் கருத்தரங்கில் மேடையேற விடமாட்டார்கள் என்பதால் சுட்டப்பட்டது.

ஆய்வுப்பொருள்

ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் சிறு பெடல்களை விற்கத் தொடங்கியது. 73 மி.மீ. அகலம், 129 மி.மீ. நீளம், 9 வோல்ட் மின்சாரம், காலால் ஒரு மிதி: இவையே இலக்கணம். அக்காலத்தில் பெட்டிக்கு ஒரு வித்தைதான். எம்.எக்ஸ்.ஆர். கம்பெனியின் ஃபேஸ் 90 (1974) ஃபேசர் மட்டும் செய்யும். பாஸின் சிஇ-1 (1976) கோரஸ் செய்யும். போனால் போகிறதென்று வைப்ரேட்டோவும் செய்யும். இன்றோ ஒரு டிஜிட்டல் சில்லு அத்தனையையும் ஒரே பெட்டியில் அடைத்து விடுகிறது. கூட்டுக்குடும்பங்கள் உடைந்துவிட்ட காலத்தில் பெடல்கள் மட்டும் கூட்டுக்குடித்தனம் செய்ய வந்தது தனி ஆய்வுக்குரியது.

பெட்டியின்மேல் திருகுகள் மூன்று. ரேட், அசைவின் வேகம். காலத்தைக் குறித்தலின் அது முதற்பொருள். டெப்த், அசைவின் ஆழம்; அது கருப்பொருள். மிக்ஸ், அசலும் நகலும் எவ்வளவு கலக்கலாம் என்பது. உறவைப் பற்றியதாகலின் அது உரிப்பொருள்.

திணைப் பகுப்பு

பெடலின் வித்தைகள் ஐந்து, திணைகளும் ஐந்து. இது தற்செயல் என்பார் ஆய்வு அறியாதார்.

குறிஞ்சி, கோரஸ். கிதாரின் ஒலியை நகலெடுத்து, 15 முதல் 30 மில்லிநொடி தாமதித்து, தாமதத்தை மெல்ல ஆட்டிக்கொண்டே அசலோடு சேர்ப்பது. ஒருவர் வாசிக்க, இருவர் வாசிப்பதாகக் கேட்கும். புணர்தல் என்க.

முல்லை, ட்ரெமலோ. இதில் நகலே இல்லை. ஒரே ஒலி ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. துணையின்றி வாசலைப் பார்த்திருப்பவளின் நம்பிக்கை. இருத்தல் என்க.

மருதம், ஃபேசர். அசலும் நகலும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. ஆனால் சில அலைவரிசைகளில் இது மேலேறும்போது அது கீழிறங்கி, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழியும் இடம் மாறிக்கொண்டே போகும். ஊடல் என்க.

நெய்தல், வைப்ரேட்டோ. கோரஸில் மிக்ஸ் திருகை முழுக்கத் திருப்பி அசலைப் போக்கிவிட்டால் கிடைப்பது இது. தலைவன் போய்விட்டான், நகல் மட்டும் நின்று சுருதி நடுங்க அழுகிறது. இரங்கல் என்க. வில்லுப்பாட்டில் உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தி அழுத்தி விடுகிற கை, மின்சாரம் வராத காலத்திலேயே இதைச் செய்தது.

பாலை, ஃபிளாஞ்சர். ஜெட் விமானம் தலைக்குமேல் பறந்து அகலும் ஓசை. பிரிதல் என்பதற்கு வேறு சான்று வேண்டா. குமரி மாவட்டத்தில் நால்நிலம் உண்டு, பாலை இல்லை என்பது இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை பிறக்கும் என்பது சிலப்பதிகாரக் கொள்கை. அவ்வாறே ஃபிளாஞ்சருக்கும் தனிநிலம் இல்லை: கோரஸின் தாமதத்தை 10 மில்லிநொடிக்குக் கீழே இறக்கி, வெளிவந்த ஒலியைத் திரும்ப உள்ளே ஊட்டினால் குறிஞ்சி திரிந்து பாலையாகிவிடும். இளங்கோவடிகள் திருகைத் தொட்டதில்லை என்பது உண்மையே. கொள்கை சரியாக இருக்கையில் திருகு எதற்கு?

கள ஆய்வு

கொடை நாளில் ஒரு தெருவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். இரண்டிலும் ஒரே பாட்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். ஒரு குழாய் மற்றதைவிட 7 மீட்டர் தள்ளியிருந்தால் அதன் ஒலி 20 மில்லிநொடி பிந்தி வரும்: கோரஸ். வித்தியாசம் ஒரு மீட்டராகச் சுருங்கும் இடத்தில் 3 மில்லிநொடி: ஃபிளாஞ்சரின் எல்லை. பெடலுக்குள் தாமதத்தை ஆட்டிவைக்க ஓர் ஆஸிலேட்டர் வேண்டும். இங்கே அவ்வேலையைக் கணவாய்க் காற்று சம்பளமின்றிப் பார்க்கிறது. காற்றடிக்க அடிக்கப் பாட்டு கலங்கித் தெளிகிறது.

இதை விளக்கி, பாட்டு ஏன் குழைகிறது என மைக்செட்காரரிடம் வினவியபோது அவர் தந்த வாக்குமூலம்: “ரெண்டு கொழாயும் ஒரே பாட்டுதான் படிக்கு அண்ணாச்சி. நீரு நிக்க எடந்தான் செரியில்ல. ரெண்டு எட்டு தள்ளி நில்லும்.” தள்ளி நின்றதும் ஃபிளாஞ்சர் கோரஸாயிற்று. கேட்பவனையே திருகாக்கிய இம்முறை மேலைநாட்டு நூல்களில் இல்லை.

மறுப்பும் மறுமொழியும்

மாடுலேஷன் ஜப்பானியர் கண்டது என்பார் உளர். 1960களில் அந்நாட்டுப் பொறியாளர் ஃபுமியோ மியெடா, மாஸ்கோ வானொலியின் சிற்றலை ஒலி மங்கியும் தெளிந்தும் வந்ததைக் கேட்டு, யூனி-வைப் கருவியை வடித்தார் என்று சொல்லப்படுகிறது: நடுவில் ஒரு பல்பு, சுற்றி நான்கு ஒளியுணரிகள். 1969இல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிதார் அதன்வழியே குழைந்தது. ஆனால் அதே மங்கலையும் தெளிவையும் இலங்கை வானொலியில் நாஞ்சில் நாடும் கேட்டது. மியெடா அதைக் கருவியாக்கினார். நம்மவர் ரேடியோவின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினர். காப்புரிமை கைநழுவிய வரலாறு இதுவே.

முடிபும் பரிந்துரையும்

1. திருவிழா இன்னிசைக் கச்சேரியில் கிதார்க்காரர் கோரஸை மிதித்தபோதும் எடுத்தபோதும் கூட்டத்தில் ஒரு தலையும் திரும்பவில்லை. அவர் ஒரு நகல் சேர்ப்பதற்குள் தெருக் குழாய்கள் ஆறு சேர்த்திருந்தன.

2. ஆகவே பல்லாயிரம் ரூபாய்ப் பெடல், ஒரே ஸ்பீக்கரும் அடைத்த சன்னலுமாக வாழ நேர்ந்த பெருநகரத்தாருக்கே உரியது.

3. கிதார்க்காரர் இதனை ஏற்கவில்லை. பெடலுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி இருப்பதால் அவர் கருத்தை நடுநிலையானதாகக் கொள்ள இயலாது.