ஹப் லாக்கில் கை வைக்காதீர்கள்

உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய மகிந்திரா ஜீப்போ ஜிப்சியோ நிற்கிறது. வாழ்த்துகள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர் அதை விற்கவும் மாட்டார், ஒழுங்காக ஓட்டவும் மாட்டார். "ஃபோர் வீலு" என்று மட்டும் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஃபோர் வீலை நிரந்தரமாக டூ வீலாக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். பாதிப் படியை நீங்கள் ஏற்கெனவே ஏறியாயிற்று என்று எனக்குத் தெரியும்.

எதைக் கெடுக்கப் போகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தின் நடுமையத்தில் கையளவு டயல் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஹப் லாக். ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். உள்ளே ஆக்ஸில் ஷாஃப்டும் முன் டிஃபரன்ஷியலும் சும்மா கிடக்கும். லாக்கில் வைத்தால் ஒரு பல்வளையம் நகர்ந்து ஷாஃப்டையும் சக்கரத்தையும் கோத்துவிடும். இரண்டாம் உலகப் போர் ஜீப்பில் இது கிடையாது. போர் முடிந்து மிச்ச ஜீப்புகள் தார் ரோட்டுக்கு வந்தன. தேவையில்லாத நேரத்திலும் முன் ஆக்ஸில் முழுக்கச் சுற்றித் தேய்ந்தது. அதைத் தடுக்கத்தான் 1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் இந்த ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். தேய்மானத்தை மிச்சம் பிடிக்கக் கொடுத்ததை நாம் தொடாமலே மிச்சம் பிடிக்கிறோம்.

1. ஃப்ரீயில் வையுங்கள். மறந்துவிடுங்கள். மாதம் ஒரு முறை இரண்டு பக்கமும் லாக் செய்து சில கிலோமீட்டர் ஓட்டினால் உள்ளே பல்சக்கரமெல்லாம் எண்ணெயில் நனையும், டயலும் இளகியிருக்கும் என்பார்கள். மாதம் ஒரு முறை குனிய நமக்கு என்ன தலையெழுத்தா?

2. ஆயுத பூஜைக்கு ஹப்புக்கு சில்வர் பெயிண்ட் அடியுங்கள். நடுவில் ஃப்ரீ, லாக் என்று ஆங்கிலத்தில் குத்திய எழுத்தும் ஓர் அம்புக்குறியும் அழகைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இன்னொரு கோட். போன வருஷப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள். மேலே சந்தனம், அதன் மேல் குங்குமம்.

3. உப்பு காட்டுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதற்குக் கடற்கரை தேடிப் போக வேண்டும். தோல் பதனிடும் ஊர்க்காரர்களான நமக்குத் தோல் மண்டியே போதும். பச்சைத் தோல் உப்புப் போட்டு வருகிறது; ஊற வைக்கும் முன் உதறுகிறார்கள்; அந்த உப்பு மழையில் கரைந்து வாசல் சேற்றில் நிற்கிறது. தினமும் அதில் இறக்கி ஏற்றுங்கள், கழுவாதீர்கள். ஹப் மூடி வார்ப்பு உலோகம், அதைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகள் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்தால் மூன்று வருஷத்தில் பிரிக்க முடியாத உறவு ஏற்படும். பிறகு ஸ்பானர் போட்டால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும்.

4. கேஸ்கெட் கிழிந்திருக்கிறதா? கடையில் வாங்கினால் டீச்செலவுக்குச் சமம். நாம் தோல்காரர்கள், வாங்கலாமா? ஷூ பட்டறையிலிருந்து வெட்டுத்துண்டு ஒன்று எடுத்து வந்து கத்தரியுங்கள். "ஒரு காலத்துல ஆயில் சீலே தோல்லதான் செஞ்சாங்க" என்று சொல்லுங்கள். அது உண்மைதான். ஆனால் சீலுக்கென்று பதப்படுத்தி மெழுகேற்றிய தோல் வேறு, ஷூ மேல்பாகத்துக்கு வந்த துண்டு வேறு என்பதை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கேஸ்கெட் தண்ணீரைத் தடுக்காது, குடிக்கும். குடித்ததைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்ளும்.

5. கிரீஸ். ஹப் லாக்குக்கு மெல்லிசாகப் பூசினால் போதும். ஆகவே நீங்கள் பேரிங் கிரீஸைக் கொழுக்கட்டைப் பூரணம் போல் அடையுங்கள். பல்வளையம் நகர இடமில்லாமல் உள்ளேயே முழி பிதுங்கி நிற்கும். நாளாக ஆக கிரீஸ் இறுகி, அரக்கு மாதிரி ஆகும். "நல்லா கிரீஸ் போட்டிருக்கேன் பாய், அப்படியும் டைட்டா இருக்கு" என்று மெக்கானிக்கிடம் ஆச்சரியப்படலாம்.

அந்த உரையாடலை நான் ஒரு பட்டறையில் நின்று கேட்டிருக்கிறேன்.

"பாய், ஹப் லாக் திரும்ப மாட்டேங்குது."

"கடைசியா எப்ப திருப்புனீங்க?"

"திருப்புனதே இல்லை பாய். கெட்டுடுமேன்னு."

பாய் ஒன்றும் சொல்லவில்லை. டீ சொன்னார். டீ வந்து குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் ஸ்பானரை எடுத்தார்.

6. கையால் திருகும் டயலைக் கையால் திருகாதீர்கள். கட்டிங் பிளேயர். அதற்கும் மசியவில்லையென்றால் பைப் ரெஞ்ச். சக்கரத்தைக் கொஞ்சம் முன்பின் ஆட்டினால் பல்லோடு பல் சேர்ந்து தானாக விழும். பொறுமைசாலிகளுக்கு அது. உங்களுக்கு டயலின் காது உடைகிற அந்தச் சின்ன 'டிக்'.

7. ஒரு பக்கம் மட்டும் லாக் செய்யுங்கள். இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பவில்லை. "பாதி வேலையாவது செய்யும்" என்று கிளம்புங்கள். செய்யாது. முன் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கமே சுற்றவிடும். பிடிப்பில்லாத வலது ஷாஃப்ட் உள்ளே பம்பரம் ஆடும், லாக் ஆன இடது சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

8. இரண்டையும் ஃப்ரீயில் விட்டு லோ கியர் போடுங்கள். இது மேல்நிலைப் பாடம். இரண்டு குட்டி லீவர் உள்ள பழைய ஜீப்பில் முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் லோ விழாது. வேண்டுமென்றே அப்படிப் பூட்டு வைத்திருக்கிறார்கள். லோவில் முறுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், அதைப் பின் ஆக்ஸில் தனியாகச் சுமக்கக் கூடாது என்று. ஹப்பை ஃப்ரீயில் விட்டீர்களென்றால் பூட்டு ஏமாந்துவிடும். பின் ஷாஃப்ட் ஏமாறாது, முறியும்.

9. ஏலகிரிக்குப் போங்கள். பொன்னேரியிலிருந்து மேலே வரை தார் ரோடு, 14 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலேயே இரண்டு ஹப்பும் லாக், லீவர் ஃபோர் வீலில். வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம். இந்த வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் என்றால் டயர் வழுக்கிக் கணக்கை நேர்செய்யும். காய்ந்த தாரில் எங்கே வழுக்க? முறுக்கு ஏறிக்கொண்டே போகும், ஸ்டியரிங் கல்லாகும், லீவர் வெளியே வராது. அங்கே வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வள்ளல் பெயர் வந்த இடத்திலெல்லாம் டயர் ரப்பரை வாரி வழங்குங்கள். பாரி தேரையே விட்டுவிட்டு இறங்கி நடந்தான்.

(நாலடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இறங்கி லீவர் கழன்றுவிடும். இதை நான் சொன்னதாக வேண்டாம்.)

10. பேரிங் ஆட்டம் பார்க்காதீர்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். ஃப்ரீயில் கையால் சுற்றினால் லேசாக ஓடணும், லாக்கில் உள்ளே பல்சக்கரம் சேர்ந்து சுற்றுகிற கனம் வரணும். பத்து நிமிஷத்தில் உண்மை வெளியாகிவிடும் என்பதால் தவிர்க்கவும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் பெரிய நட்டுக்கு பாக்ஸ் ஸ்பானர் தேடாதீர்கள். உளி, சுத்தியல். உங்களுக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்த நாலு பேரும் அப்படித்தான் செய்தார்கள். நட்டைப் பாருங்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

11. இப்போது பாலாறு. வருஷத்தில் முக்கால்வாசி மணல்தான், அதனால் தைரியமாக இறங்கலாம். 1903இல் வாணியம்பாடியை மூழ்கடித்த ஆறு, 2021 நவம்பரிலும் கரை தொட்டு ஓடிக் காட்டியது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். முழங்கால் தண்ணீர் போதும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து, ஹப் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நாலாம் படியில் நீங்கள் வைத்த தோல் துண்டு வாசலில் நின்று வரவேற்கும்.

நடு மணலில் வண்டி நிற்கும். பின்சக்கரம் இரண்டும் குழி தோண்டும். இறங்கி, பேன்ட்டை மடித்து, ஹப்பைத் திருகுங்கள். வராது. பிளேயரால் திருகுங்கள். வராது. கரையில் கூட்டம் சேரும். கூட வந்த மைத்துனர் ஜீப்புக்குள்ளிருந்து, "ஃபோர் வீலுன்னு சொன்னீங்களே மாமா?" என்பார்.

டிராக்டர் வரும். ஓட்டி வந்த பையனுக்குப் பதினெட்டு வயசுகூட இருக்காது. கயிறு கட்டுவதற்கு முன் ஹப் பக்கம் குந்துவான். லுங்கி முனையால் சந்தனத்தைத் துடைத்து, நகத்தால் சில்வர் பெயிண்டைச் சுரண்டுவான். அம்புக்குறி தெரியும். சக்கரத்தை லேசாக ஆட்டச் சொல்லி, இரண்டு விரலால் திருப்புவான். 'டக்'.

"அண்ணே, இவ்ளோ நேரம் ஃப்ரீ பக்கமா திருப்பினு இருந்தீங்க."