அண்ணன் கேமராவுக்கு முன்னால்

2003 ஜூன் கடைசியில் ‘ஜெயம்’ வந்தது. இரண்டு வாரம் கழித்து ‘காதல் கொண்டேன்’ வந்தது. பினாங்கில், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டும் வாடகை வி.சி.டி.யாகத்தான் வந்து சேர்ந்தன. அண்ணனுக்கு முதல் படம் உயிர், எனக்கு இரண்டாவது. ஒன்று ராஜா இயக்கி ரவி நடித்தது. மற்றொன்று செல்வராகவன் இயக்கி தனுஷ் நடித்தது. இரண்டிலும் அண்ணன் கேமராவுக்குப் பின்னால், தம்பி முன்னால். அதை முதலில் கவனித்துச் சொன்னது எங்கள் அப்பா. “அண்ணன் சொல்லுக்குத் தம்பி கட்டுப்பட்டான், இன்னைக்கு ஹீரோவா நிக்கிறான், பாத்துக்க” என்று என் முகத்தைப் பார்த்தே சொல்வார். டி.வி. ரிமோட் ஏற்கெனவே அண்ணன் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அது என் கைக்கு வரவே இல்லை.

அப்பா சொன்னதில் உண்மை இருந்தது. தனுஷுக்குச் சமையல் கலை படிக்கத்தான் ஆசை. அண்ணன்தான் அவரைப் பிடித்து இழுத்து வந்தார். 2002-இல் ‘துள்ளுவதோ இளமை’ அப்பா கஸ்தூரிராஜாவின் இயக்கம் என்ற பெயரோடு வந்தபோது பையனுக்குப் பத்தொன்பது வயதுகூட முடியவில்லை. ‘காதல் கொண்டேன்’ படப்பிடிப்பில் நடந்த ஒன்றை அவரே பல வருடம் கழித்துச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஹீரோ யார் என்று கேட்டிருக்கிறார்கள். கேலிக்குப் பயந்து வேறொருவரைக் கை காட்டிவிட்டாராம். உண்மை தெரிந்ததும், ஆட்டோ ஓட்டுகிறவர் மாதிரி இருக்கிறாரே என்று கூட்டம் சிரித்திருக்கிறது. காருக்குள் உட்கார்ந்து அழுதேன் என்றார்.

அந்த முகத்தைத்தான் செல்வராகவன் வினோத் பாத்திரத்துக்குக் கொடுத்தார். ‘திவ்யா, திவ்யா’ என்று பித்துப் பிடித்தவன் மாதிரி அவன் ஆடுவானே, அந்த இடத்தை நான் தேய்ந்துபோன வி.சி.டி.யில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தோள்பட்டை எலும்பு தெரியும் உடம்பு, கண்ணில் பயமும் ஆசையும் ஒன்றாக. எதற்குச் சிரிப்பான், எந்தச் சொல்லுக்கு உடைவான் என்று ஒரே வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. வெளியாள் யாரும் அன்றைக்கு அந்த ஒல்லிப் பையனை நம்பிப் பணம் போட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ‘ஜெயம்’ படத்தையும் ராஜா, ரவியின் அப்பா எடிட்டர் மோகன்தான் தயாரித்தார். புது இயக்குநருக்கும் புது நடிகருக்கும் முதல் கதவைத் திறப்பது பெரும்பாலும் வீட்டுப் பணமும் வீட்டு நம்பிக்கையும்தான்.

அடுத்த வருடம் அதே ராஜாவும் ரவியும் ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யோடு வந்தார்கள். அம்மாவை இழந்த பையன் அப்பாவைத் தேடி மலேசியாவுக்கு வருகிறான். திரையில் நம் நாட்டைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் கட்சிச் சண்டை ஓய்ந்தது. ஆனால் அப்பாவின் பாடம் மட்டும் ஓயவில்லை.

‘காதல் கொண்டேன்’ வந்து இருபத்தோரு வருடம் போனது. 2024 ஜூலையில் ‘ராயன்’ வந்தது. தனுஷுக்கு ஐம்பதாவது படம். இயக்கமும் அவரே. ‘புதுப்பேட்டை’, ‘மயக்கம் என்ன’, 2022-இல் ‘நானே வருவேன்’ என்று தம்பியை நிற்க வைத்தும் நடக்க வைத்தும் பார்த்த அண்ணன், இந்தப் படத்தில் தம்பியின் கேமராவுக்கு முன்னால் நிற்கிறார். ஊரைவிட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கு மார்க்கெட்டில் அடைக்கலம் கொடுக்கும் சேகர் அவர்தான். கதையும் கூடப்பிறந்தவர்களைப் பற்றியதே. இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் வளர்த்து ஆளாக்கும் அண்ணனாகத் தனுஷ். அதே தம்பிகள் பின்னால் அவனுக்கு எதிராகத் திரும்புகிறார்கள். நிஜத்தில் தம்பியாகப் பிறந்தவர் திரையில் மூத்தவராகி, நிஜத்தில் மூத்தவருக்கு ‘ஆக்‌ஷன்’ சொல்கிறார். செல்வராகவன் அந்த வேடத்தில் அலட்டிக்கொள்ளவே இல்லை. பேச்சைக் குறைத்து, பார்வையிலேயே பெரிய மனுஷனாக உட்கார்ந்திருக்கிறார். அவர் இயக்கிய படங்களைவிட அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது என்று சொன்னால் அவருடைய ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும்.

தியேட்டரில் என் பக்கத்தில் அண்ணன் இருந்தார். இடைவேளையில் நான் அவருக்கு அப்பாவை ஞாபகப்படுத்தினேன். அப்பா எம்.ஜி.ஆர். பக்தர். அவருக்குக் கோயில் மாதிரி ஒரு படம் உண்டு, ‘நாடோடி மன்னன்’. 1958-இல் வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம். கையிலிருந்ததை எல்லாம் போட்டு, கடனும் வாங்கி, ஒரு பகுதியைக் கலரில் எடுத்தார். அவருடைய அண்ணன் எம்.ஜி. சக்கரபாணி அந்தப் படத்தில் நடித்திருக்கிறார், அதுவும் தம்பியின் இயக்கத்தில்.

அவர்கள் இருவரும் எப்படி ஆரம்பித்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். அவர்களுடைய அப்பா இறந்த பிறகு வீட்டில் சோற்றுக்கே வழியில்லை. இரண்டு சிறுவர்களும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். சக்கரபாணி 1911-இல் பிறந்தவர், ராமச்சந்திரன் 1917-இல். அண்ணன் முன்னால் போக, தம்பி பின்னால் போன காலம் அது. பிற்பாடு தம்பி எவ்வளவோ உயரம் போனார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அப்போதும் அண்ணனைப் ‘பெரியவர்’ என்றும் அவரைச் ‘சின்னவர்’ என்றும்தான் சொன்னார்கள். 1967-இல் ‘அரச கட்டளை’ வந்தபோது மறுபடி இடம் மாறியது. இயக்குநர் சக்கரபாணி, நாயகன் எம்.ஜி.ஆர்.

தம்பி அண்ணனுக்குக் கட்டுப்பட்டால்தான் முன்னேறுவான் என்று எனக்குப் பாடம் எடுத்த அப்பா, அண்ணனைத் தம்பி இயக்கிய படத்தைத்தான் ஆயுள் முழுக்கக் கொண்டாடினார். அவர் இருந்தபோது அதை அவரிடம் கேட்கத் தோன்றாமல் போனது எனக்கு இப்போதும் வருத்தம்.

கூடப்பிறந்தவர்களின் கலைத்தொழில் நிலைக்கிறதென்றால் அதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. அவரவர் இடம் தெரிவதும், தேவைப்பட்டால் இடம் மாறத் தயாராக இருப்பதும்தான் காரணம் என்பது என் எண்ணம். டி.கே.எஸ். சகோதரர்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நால்வராக ஒரு நாடகக் கம்பெனியைத் தாங்கினார்கள். 1935-இல் ‘மேனகா’வில் கூட்டமாகவே சினிமாவுக்கும் வந்தார்கள். ‘ஆய்த எழுத்து’ படத்தில் அண்ணன் சூர்யா நடித்துக்கொண்டிருந்தபோது, தம்பி கார்த்தி மணிரத்னத்திடம் உதவி இயக்குநர். அதே கார்த்தியை வைத்து ‘கடைக்குட்டி சிங்கம்’ தயாரித்தவர் அதே சூர்யா.

பினாங்கில் இருந்துகொண்டு இதையெல்லாம் தூரத்துக் கதையாகப் பார்க்க வேண்டியதில்லை. மலாய்ப் பட நாயகன் பி. ரம்லி பிறந்த வீடு எங்கள் ஜெலுத்தோங்கிலிருந்து அதிக தூரமில்லை. 1950-இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலாக நாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். படம் எடுத்தது ஷா சகோதரர்களின் சிங்கப்பூர் ஸ்டூடியோ. அங்கேயும் முதல் போட்டவர்கள் கூடப்பிறந்தவர்களே. நம் காலத்தில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்து, மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பத்தில் ஓர் அப்பா, அவருடைய இரண்டு தம்பிகள், நடுவில் வளரும் பையன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் என் அண்ணன் மகன்கள் இரண்டு பேருக்கும் நம் பேச்சிலேயே, நம் தெருவிலேயே படம் எடுக்கலாம் என்ற துணிச்சல் வந்தது.

பெரியவனுக்குப் பத்தொன்பது, சின்னவனுக்குப் பதினாறு. எழுதுவதும் இயக்குவதும் சின்னவன். கைப்பேசியில்தான் எடுக்கிறார்கள். போன மாதம் கர்ப்பால் சிங் டிரைவ் கடற்கரையோரம் சாயங்கால வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்கள். ஜெலுத்தோங்குக்கு இருபது வருடத்துக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவரின் பெயர் தாங்கிய சாலை அது. மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவன் நடக்க வேண்டும். ஐந்தாவது தடவையும் சின்னவன் தலையை ஆட்டினான்.

“நீ வெயிட் இருக்கிற மாதிரி நடிக்கிற. பெட்டியில நிஜமாவே ஐஸ் போடு, அப்பதான் தோள் தானா சாயும்.”

பெரியவன் பேசாமல் போய் ஐஸ் வாங்கி வந்தான். அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. “என்னடா இது, மூத்தவன நிக்க வச்சு வேலை வாங்குறான்?” என்று என்னிடம் குமுறினார்.

“அண்ணே, பெரியவர் சக்கரபாணியே நின்னாரு. இவன் நிக்கட்டும்” என்றேன்.

ஆறாவது தடவை தோள் சரியாகச் சாய்ந்தது. அது நடிப்பில்லை, பாரம். ஆனால் திரையில் பார்த்தபோது நடிப்பாக இருந்தது. பதினாறு வயதில் அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணன் என்னைக் கேட்டார். அண்ணனோடு ஒரே அறையில் பதினாறு வருடம் படுத்து எழுந்தவன் அவன் என்றேன்.

படத்தில் அப்பா வேடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சின்னவன் யாரைக் கேட்டிருக்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.