கணக்கில் வராத கோப்புகள்: ரஞ்சன்குடிக் கோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

உலகில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் அது முன்னரே நம் ஊரில் இருந்தது என்று நிறுவுவது ஆய்வாளர் கடமை. விமானம் முதல் அணுகுண்டு வரை இக்கடமை செவ்வனே ஆற்றப்பட்டுவிட்டது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் மட்டும் எப்படியோ விடுபட்டுப்போயிற்று. அக்குறையை இக்கட்டுரை போக்கும். இப்பொருளில் முன்னோர் ஆய்வு எதுவும் இல்லை. ஆகவே மறுப்பதற்கும் ஆள் இல்லை.

லினக்ஸ் கெர்னலைப் பராமரிக்கப் பயன்பட்ட பிட்கீப்பர் இனி இலவசமாகக் கிடைக்காது என்றானதும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதில் ஒரு கோப்புக்கு மூன்று நிலைகள். முதலாவது, நாம் வேலை செய்யும் கோப்புறை. அடுத்தது, கமிட்டுக்காகக் காத்திருக்கும் ஸ்டேஜிங். கடைசியில் களஞ்சியம். இனி, பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில், சென்னை - திருச்சி சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையை நோக்குக. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. வெவ்வேறு உயரத்தில் மூன்று அரண்கள். கீழே இருப்பது பேட்டை, உச்சியில் இருப்பது கோட்டைமேடு. டோர்வால்ட்ஸ் இங்கே வந்துபோனதற்குச் சான்று இல்லை. வரவில்லை என்பதற்கும் சான்று இல்லை. இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்களை நாடறியும்.

1751இல் இப்பகுதியில் நடந்த வாலிகொண்டாபுரப் போரும் ஈண்டுக் கருதத்தக்கது. ஆர்க்காட்டு நவாபு நானே என்று சந்தா சாகிபு சொல்ல, இல்லை நானே என்று முகமது அலி சொல்ல, அவருக்குப் பிரெஞ்சுக்காரரும் இவருக்கு ஆங்கிலேயரும் துணை வந்தனர். ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு கிளைகள். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்று இன்று நாம் வழங்குவது இதையே.

இனி நோய்க்கு வருவோம். கணக்கில் வராத கோப்பு என்பது பேட்டையில் நடமாடிக்கொண்டே கோட்டைப் பதிவேட்டில் பெயர் ஏறாத ஆள். எழுதியவர் கணினியில் அது இருக்கும், நிரல் ஓடும். மற்றவர் கணினியில் இராது, ஓடாது. "என் மெஷின்ல ஓடுது சார்" என்ற புகழ்பெற்ற வாக்கியம் பெரும்பாலும் இந்த நிலத்தில்தான் முளைக்கிறது. கிட் ஸ்டேட்டஸ் என்று தட்டினால் விடுபட்டவை தெரியுமே என்பார் உளர். அது பாதி உண்மை. இவற்றைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டுக்கு நாமே கொடுக்கும் கிட்இக்னோர் பட்டியலில் சிக்கிய கோப்பைப் பற்றி ஸ்டேட்டஸ் வாயே திறக்காது. பைத்தான் திட்டங்களுக்கென்று கிடைக்கும் ஆயத்தப் பட்டியலில் 'லிப்' என்றொரு வரி உண்டு. அதை யோசிக்காமல் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தில் ஒட்டினால், அங்கே லிப் என்ற பெயரில் இருக்கும் அசல் மூலக் கோப்புறையே மறைந்துபோகும். எச்சரிக்கையும் வராது. எந்தப் பட்டியலின் எந்த வரி இந்த வேலையைச் செய்தது என்று காட்டிக்கொடுக்க 'செக்-இக்னோர்' என்ற கட்டளை இருக்கிறது. இருப்பதை அறிந்தவர் சிலர், தட்டியவர் அவரினும் சிலர்.

எதிர்த்திசை நோயும் உண்டு. கடவுச்சொல் கோப்பு ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், பிறகு அதை இக்னோரில் சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை. கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும். களஞ்சியத்திலிருந்து இன்று நீக்கினாலும் பழைய கமிட்டுகளில் அது பத்திரமாக வாழும். கடவுச்சொல்லை மாற்றுவதே வழி.

பதிவேட்டில் பெயர் இருந்து ஆள் இல்லாத நிலையை அறிய மென்பொருள் துறையை விட்டு வெளியே வர வேண்டும். ரஞ்சன்குடிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. நேரில் போனாலும் இருக்கிறது. இது சாதாரணப் பெருமை அன்று. 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அப்பட்டியலில் 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்க்க ஆள் அனுப்பியபோது 92 சின்னங்களைக் காணவில்லை. பின்னர் சில அகப்பட்டன. மொத்தமுள்ள 3,693இல் 50 இல்லை என்று 2022இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லப்பட்டது: 14 நகர வளர்ச்சியில் போயின, 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின, 24 எங்கே என்றே தெரியவில்லை. காணாமற்போனவற்றில் அசாமின் தின்சுகியாவில் இருந்த ஷேர்ஷாவின் பீரங்கிகளும் அடக்கம். பீரங்கியையே தொலைக்க முடியுமென்றால் ஒரு ஜேசன் கோப்பு எம்மாத்திரம்?

இதனினும் நுட்பமான வழக்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். அங்கிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது இந்த ஊர்ச் சிலைதான் என்று காட்ட உதவியது, திருட்டுக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1751இல் இந்தப் பக்கம் துப்பாக்கியோடு வந்தவர்களின் வழியினர், அடுத்த மாவட்டத்தில் நமக்காக பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்கள். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்பாரோடு இக்கட்டுரையாளர் உடன்படுவதில்லை.

இதிலிருந்து பெறப்படுவது: சொந்தக் கணினியில் அமர்ந்து சொந்தக் கோப்புகளைத் தணிக்கை செய்வது தணிக்கை ஆகாது. வேறொரு கணினியில் களஞ்சியத்தைப் புதிதாக குளோன் எடுத்து, ஓடுகிறதா என்று பாருங்கள். விடுபட்டதைப் பெரும்பாலும் பில்ட் அங்கேயே விழுந்து சொல்லிவிடும். அதைச் செய்து முடிக்கும் வரை, இடம் போதவில்லை என்று பழைய கணினியில் கிட் கிளீன் கட்டளையை மட்டும் தட்டிவிடாதீர்கள். கணக்கில் வராத கோப்புகளை அது குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்புவதில்லை, நேரே அழித்துவிடும்.