சர்வீஸில் விட்டிருக்கிறேன்

ரிப்பேர் ஆகாத வண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ரிப்பேர் ஆகிற வண்டி பணத்தைத்தான் தின்னும். ஆகாத வண்டி ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னும். ஓசூரில் ஒரு பழைய இன்னோவாவைக் கட்டி மேய்க்கிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

இன்னோவா நம் நாட்டுக்கு வந்தது 2005-ல். அதற்கு முன் 2000-ல் வந்த குவாலிஸ் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு இதை இறக்கினார்கள். இரண்டும் பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில் தயாரானவை. பூர்வீகம் இந்தோனேசியா, 1977 முதல் அங்கே ஓடுகிற கிஜாங் வம்சம். தார்ப்பாலின் கட்டாத குறைதான், மற்றபடி லாரி ஜாதகம்: தனி சேஸிஸ், அதன்மேல் பாடி, பின் சக்கரத்துக்கு இழுவை, 2,494 சி.சி. டீசல் இன்ஜின். இது எளிதில் சாகாது என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும். சாகாததால் நமக்கு என்னவெல்லாம் வரும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

பெங்களூரு புரோக்கர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "சிங்கிள் ஓனர் சார். இன்ஜின் இன்னும் கை படல. பேப்பர் கரெண்ட்." அப்போது அது கே.ஏ. நம்பர் வண்டி. எங்கள் ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் திரிகின்றன. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் நம்பர் மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என்.ஓ.சி. வாங்கி, வரி கட்டி, டி.என். 70 ஆக்கினேன். வண்டி தமிழ்நாட்டுப் பிரஜை ஆகிவிட்டது. குடிப்பது மட்டும் கர்நாடகத்து டீசல். 2021 நவம்பரில் அந்த மாநிலம் லிட்டருக்கு ஏழு ரூபாய் வரியைக் குறைத்ததிலிருந்து அத்திப்பள்ளிப் பக்கம் போய் டேங்கை நிரப்பிக்கொள்வது எங்கள் ஊர்க் குடும்பஸ்தர்களின் அறங்களில் ஒன்று. மிச்சம் பிடித்த காசில் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பினால் கணக்கு நேராகிவிடும்.

நம்பர் மாறிய செய்தி எப்படிப் பரவியதோ, உறவினர்கள் போன் போட ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே வாசகத்தில்தான் தொடங்குவார்கள்: "வண்டி சும்மாதானே நிக்குது?" காதுகுத்து, பெண் பார்க்கும் படலம், திருப்பதி, தர்மபுரி ஆஸ்பத்திரி, விமான நிலையம். மே மாதம் வந்தால் காவேரிப்பட்டணம் பக்கத்து மாமனார் தோப்பு. அங்கே விளைகிற பெங்களூரா, மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரியில் போய்விடும். வீட்டுக்கென்று ஒதுக்கிய செந்தூரா என் வண்டியில் ஏறும். கடைசி சீட்டுகளைப் பக்கவாட்டில் தூக்கி மடக்கிவிட்டால் எத்தனை கூடை பிடிக்கும் என்பது கம்பெனிக்காரர்களைவிட என் மாமியாருக்கு நன்றாகத் தெரியும். காம்பிலிருந்து வடிந்த பால் சீட் துணியில் கறுத்துப்போய், ஒவ்வொரு வருஷத்துக் கறையும் தனித்தனியாகத் தெரிகிறது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் புது கார் வைத்திருக்கிறான். டேஷ்போர்டு முழுக்கத் திரை. மாதத்துக்கொரு தரம் அதில் மஞ்சள் விளக்கு எரியும். வண்டியைத் தூக்கிப் போக இன்னொரு வண்டி வரும். எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், "சர்வீஸ்ல விட்டிருக்கேன் மாமா" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருகிற அமைதியைப் பார்க்க வேண்டும். எத்தனை அழகான வாக்கியம்! அதைச் சொல்லும் பாக்கியம் எனக்கு வாய்க்கவே இல்லை. புஷ் மாற்றினேன், பிரேக் பேட் மாற்றினேன், கிளட்ச் பிளேட் மாற்றினேன். எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை.

சரி, பொய்யாவது சொல்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரி டெர்மினலைத் தளர்த்தி வைத்துவிட்டு, "ஸ்டார்ட் ஆகல" என்று போனில் உரக்கச் சொன்னேன். சொல்லத் தகுந்த ஊரா இது? லேலண்ட் ஆலை 1980-ல் வந்த ஊர். டி.வி.எஸ். 50 பிறந்ததும் அதே வருஷம், இதே ஊரில். சிப்காட்டில் வார்ப்படம், கியர், ரப்பர் என்று யாராவது எதையாவது வண்டிக்காகச் செய்துகொண்டே இருக்கிறார்கள். இங்கே ஒரு வண்டி நின்றுவிட்டது என்று சொல்வது, பக்திமான்கள் தெருவில் சாமி இல்லை என்று கத்துவதற்குச் சமம்.

முதலில் எதிர்வீட்டு லேலண்ட்காரர் வந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனால் ஸ்பேனர்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பின்னாலேயே டி.வி.எஸ்.காரர், "என்ன மைலேஜ் தருது?" என்று கேட்டபடி வந்தார். மூன்றாவதாக டைட்டனில் வாட்ச் பார்த்தவர், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவதாகக் காதை நீட்டினார். சத்தமே வரவில்லை என்பதுதான் பிரச்சினை என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். பானெட்டைத் தூக்கிய லேலண்ட்காரர் டெர்மினலை விரலால் ஆட்டிப் பார்த்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு திருகு. "ஹீட்டர் லைட் அணையட்டும்... ம், இப்ப அடிங்க." பிடித்துக்கொண்டது.

"உப்புப் பூக்கல, நட்டு தேயல. இது தானா லூஸ் ஆகாதே?" என்று அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற என் மனைவியும் பார்த்தாள். பேச்சை மாற்ற, "உங்க கம்பெனிகூட ஒரு வேன் விட்டுச்சே சார்" என்றேன். ஸ்டைல் என்று பெயர். 2013-ல் வந்தது, நிஸ்ஸான் இவாலியாவின் உடன்பிறப்பு, 2015-லேயே நின்றுபோனது. அவர் பெருமூச்சு விட்டார். "அருமையான வண்டி. ஜனங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல." ஸ்டைல் வைத்திருந்தவர்களுக்காவது உறவினர் தொல்லை சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினேன்.

அதன்பிறகு சட்டத்தைத்தான் நம்பியிருந்தேன். டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இங்கே அந்தச் சலுகை இல்லை. பதினைந்து வருஷம் ஆனால் எஃப்.சி. பார்த்து, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கொள்ளலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் அறுநூறிலிருந்து ஐயாயிரம் ஆனது. இதைக் காட்டியாவது விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தேன். குடும்பமே திரண்டு வந்து எதிர்த்தது. மச்சினன் தன் கையிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து வைத்தான். பிரேக், ஹாரன், விளக்கு, புகை எல்லாம் பார்த்தார்கள். பாஸ். புது ஆர்.சி. வருவதற்குள் அடுத்த தை மாத முகூர்த்தங்கள் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன.

வண்டிக்குத்தான் எஃப்.சி. பார்த்தார்கள், ஓட்டுகிறவனுக்குப் பார்க்கவில்லை. அத்திப்பள்ளி நெரிசலில் வருஷக்கணக்காகக் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் ஒருநாள் மடங்க மறுத்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம். கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம்" என்றார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மச்சினனுக்குப் போன் போட்டேன். குரலில் சோகத்தைக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டேன்.

"அடடா, பாத்துக்கோங்க மாமா" என்றான். நல்ல பையன், உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"தேய்மானம் உங்களுக்குத்தானே? வண்டிக்கு ஒண்ணுமில்லையே?"