தாலி கட்டின பொறவு சம்மதம் கேட்ட ஊரு

ஏல பேராண்டி, நேத்து போன்ல என்னமா மெச்சிக்கிட்டே நீ! "தாத்தா, இங்க சிக்னல்ல கேமரா வைக்கணுமா வேண்டாமான்னுகூட சனங்ககிட்ட ஓட்டு வாங்கியிருக்காங்க, இதுல்லா ஜனநாயகம்"ங்கே. ஹூஸ்டன்ல இன்னும் ஒரு கோடை முழுசாத் தாங்கல, அதுக்குள்ள வக்காலத்து. நல்லா இரு. ஆனா அந்த ஓட்டுக் கதை முழுசாத் தெரியுமாலே உனக்கு?

2006-ல ஹூஸ்டன் நகர சபைக்காரன் கேமரா வைக்க ஆரம்பிச்சான். பொறவு பெருகி 50 முக்கு, 70 கேமரா. சிவப்புல தாண்டுனா வண்டி நம்பரைப் படம் புடிச்சு வீட்டுக்குக் காயிதம் வந்துரும். 75 டாலர் கட்டு! ஓட்டுனது நீயா, உன் மச்சானாங்கிற பேச்சே கிடையாது. வண்டி எவன் பேர்லயோ அவன் தலையில. "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறேன்"னு கேமராகிட்டப் போயி தலையைச் சொறியவா முடியும்?

சனங்க கொதிச்சாங்க. அடுப்பை ஊதுனது யாருங்கே? குபோஷ்னு அண்ணன் தம்பிக. ஒருத்தரு டிராஃபிக் டிக்கெட் கேஸ் நடத்துத வக்கீலு. இன்னொருத்தருக்கு ஜாமீன் எடுத்துக் குடுக்குத தொழிலு. எதிர்ப்பக்கம், "கேமரா உயிரைக் காக்கும்"னு பிரசாரம். அதுக்குத் துட்டு எறைச்சது கேமரா கம்பெனி, அரிசோனாக்காரன். உன் உயிர் மேல எம்புட்டுப் பேருக்கு அக்கறை, பாத்தியா!

2010 நவம்பர்ல ஓட்டு. நூத்துக்கு 53 பேரு வேண்டாம்னுட்டான். கேமராவை அமத்தியாச்சு. கதை முடிஞ்சுதுன்னு நெனைக்கியா? கம்பெனிக்காரன் கையில காண்ட்ராக்ட் இருக்குல்லா! கோர்ட்டுக்குப் போச்சு. 2011 ஜூன்ல ஃபெடரல் ஜட்ஜ் சொல்லிட்டாரு, அந்த ஓட்டே செல்லாதுன்னு. ஏன்னா, நகர சபை போட்ட சட்டம் புடிக்கலன்னா 30 நாளைக்குள்ள மனு குடுத்திருக்கணுமாம். சட்டம் போட்டது 2004-ல. கேமரா வந்தது 2006-ல. வராத கேமராவை 30 நாளைக்குள்ள வேண்டாங்கதுக்கு எவனுக்குலே ஜோசியம் தெரியும்?

மேயரம்மா ஜூலையில கேமராவை மறுபடியும் எரிய விட்டாக. ஊரு கத்துன கத்துல, ஆகஸ்டுல நகர சபையே கையைத் தூக்கி அமத்திட்டு. கம்பெனியைச் சமாதானம் பண்ணுதேன்னு 2012-ல பேசி முடிச்சது 48 லட்சம் டாலர். தாலியைக் கட்டிட்டுப் பொண்ணுகிட்டச் சம்மதமான்னு கேட்டா, அவ மாட்டேன்னா என்ன பண்ணுவே? பந்தல்காரன் துட்டு வாங்காமப் போவானா? ஓட்டுக் கேக்கது தப்புன்னு நான் சொல்லல. கையெழுத்துப் போடுததுக்கு முந்திக் கேளுங்கேன். அதுக்குப் பெரிய படிப்பு வேணுமாலே?

ஓட்டுப் போட்டவனும் யோக்கியன்னு நெனைச்சிராத. வேண்டாம்னவன்ல எத்தனை பேரு சிவப்புல தாண்டுத பய! அது பெட்டிக்குள்ள போன ரகசியம்.

சரி, அந்த எளவெடுத்த கேமரா நல்லதா கெட்டதா? கேமரா வச்ச எடங்கள்ல பக்கத்துல வந்து இடிக்கது கால்வாசி குறைஞ்சுது, பின்னாலேர்ந்து முட்டுதது நூத்துக்குப் பதினஞ்சு கூடிச்சுன்னு 2005-ல அமெரிக்க சர்க்காரே கணக்குப் போட்டுச்சு. தெண்டத்துக்குப் பயந்து ஒருத்தன் பிரேக்கை மிதிக்கான், பின்னால வாரவன் மூஞ்சி நசுங்குது. ஆனாலும் பக்கத்துல இடிக்கதுதான் ஆளைக் கொல்லும். அதனால கேமராவை ஒரேயடியா வையவும் எனக்கு மனசு வரல.

மஞ்சள் விளக்குன்னு ஒண்ணு இருக்குல்லா, அதைப் பத்தி எவனாவது பேசுதானா? அரை நொடியோ ஒண்ணரை நொடியோ அதைக் கூட்டி எரிய விட்டா, சிவப்புல தாண்டுதது பாதிக்குப் பாதி குறையுதுன்னு டெக்சஸ்காரனே ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்கான். அதுக்கு ஓட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஒரு மெக்கானிக் வந்து திருகிட்டுப் போவான். அதுல யாருக்கும் 75 டாலர் வராது பாரு, அதான் சத்தத்தையே காணோம்.

இன்னொரு கூத்து கேளு. இந்தக் கேமரா சோலிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்ல ஒருத்தர் மாரிஸ் கட்சோனிடிஸ்னு டச்சுக்காரர். 1953-ல மான்டே கார்லோ ராலி ஜெயிச்ச ரேஸ்காரர். வேகத்தை அளக்க மிஷின் செஞ்சதே, வளைவுல தான் இன்னும் வேகமாப் போகணும்னுதான்!

2019-ல டெக்சஸ் சர்க்காரு மாநிலம் பூராவும் கேமராவுக்குத் தடை போட்டுட்டு. அதுக்கு ஓட்டுப் போடுதவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுலயும் ஒரு ஓட்டை. ஏற்கெனவே காண்ட்ராக்ட் போட்டிருந்த ஊரு, அது முடியுத மட்டும் ஓட்டிக்கிடலாமாம். சான் அன்டோனியோ பக்கத்துல லியான் வேலின்னு ஒரு சின்ன ஊரு. அவன் 2038 வரைக்கும் எழுதி வச்சிருந்தான்லே! லீவுல அந்தப் பக்கம் சுத்தப் போனா, மஞ்சளைப் பாத்ததுமே நில்லு. பின்னால வாரவன் ஆரன் அடிச்சா அடிக்கட்டும், உன் தெண்டத்தை அவன் கட்டப்போறதில்ல.